ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3: இதழ்கள் நிறம் மாறவில்லை, படமும் திணறுகிறது

கேள்வி:
வணக்கம். அடோபி அனிமேட் என்ற அனிமேஷன் மென்பொருளில், அதன் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 கொண்டு ஒரு பூ செய்கிறேன். லைப்ரரியில் இருப்பது ஒரே ஒரு வெள்ளை இதழ், கறுப்பு ஓரக்கோட்டோடு. முதல் ஃபிரேமில் (அசைவின் முதல் படத்தில்) லூப், அதாவது ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல், ஓட்டி, 30 டிகிரிக்கு ஒன்றாக 12 இதழ்களை வரவழைக்கிறேன். இடம் சரியாக அமைகிறது. ஆனால் நிறம் ஏறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. இதழ், டிரான்ஸ்ஃபார்ம், கலர்டிரான்ஸ்ஃபார்ம், கலர் என்று புள்ளி வைத்து நேராக மதிப்பு கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ஓடினால் படம் திணறவும் செய்கிறது. டைம்லைன் (ஃபிரேம்களின் வரிசை) 60 ஃபிரேம், விநாடிக்கு 24.

பதில் 1:
இதழின் நிற அமைப்பைச் சொல்லும் கலர்டிரான்ஸ்ஃபார்மைக் கேட்டால் கைக்கு வருவது நகல்தான். நகலில் நிறத்தை மாற்றினால் இதழுக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒரு வேரியபிளில் (மதிப்பைப் பிடித்து வைக்கும் பெயரில்) எடுங்கள், நிறம் கொடுங்கள், பிறகு அந்த வேரியபிளை இதழின் டிரான்ஸ்ஃபார்மில் திரும்ப வையுங்கள். இந்தக் கடைசி வரிதான் உங்களிடம் இல்லை.

பதில் 2:
திணறலுக்குக் காரணம் வேறு. டைம்லைன் முதல் ஃபிரேமுக்குத் திரும்பும்போதெல்லாம் லூப் மறுபடி ஓடுகிறது. ஸ்கிரிப்டில் சேர்த்த இதழ்கள் தானாகப் போகாது. இரண்டரை விநாடிக்கு 12 என்றால் நிமிடத்துக்கு 288. ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்காருவதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசி ஃபிரேமிலிருந்து 2-ஆம் ஃபிரேமுக்குப் போகச் சொல்லுங்கள், போதும். 'ஏற்கெனவே செய்தாயிற்று' என்று ஒரு பூலியன் (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு கொள்ளும் வேரியபிள்) வைத்தும் தடுக்கலாம். ஆனால் அதை அறிவிக்கும் வரியிலேயே ஃபால்ஸ் (பொய்) என்று எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் அது பழையபடி ஃபால்ஸ் ஆகிவிடும். மதிப்பு கொடுக்காமல் அறிவியுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி! ஆனால் இப்போது ஓரக்கோடும் சேர்ந்து சிவப்பாகிவிட்டதே?

பதில் 1:
கலர் என்ற பண்புக்கு மதிப்பு கொடுத்தால் சிவப்பு, பச்சை, நீலப் பெருக்கிகள் (மூல நிறத்தின் அளவைப் பெருக்கும் எண்கள்) மூன்றும் 0 ஆகிவிடும். மூலப் படத்தின் நிறம் முழுக்க அழிந்து ஒரே பூச்சாக வரும். அதைத் தொடாமல் பெருக்கிகளை மட்டும் மாற்றுங்கள். சிவப்பு 1, மற்ற இரண்டும் 0.4 வைத்தால் வெள்ளை இளஞ்சிவப்பாகும். கறுப்பை எதனால் பெருக்கினாலும் கறுப்புதான். நிழல் தீட்டிய இதழுக்கும் இந்த வழிதான் அழகு. உங்கள் இதழ் வெள்ளையாக இருப்பது நல்லதாயிற்று.

கேட்டவர்:
ஓரக்கோடு திரும்பிவிட்டது! இன்னொன்று: இதழ் விரியும் அசைவு அந்த இதழ்க் கிளிப்புக்குள்ளேயே (அதற்கென்று தனி டைம்லைன் உண்டு) 24 ஃபிரேமில் இருக்கிறது. எல்லாம் ஒன்றாக விரிகின்றன. அலை மாதிரி வர வைக்கலாமா?

பதில் 2:
தாராளமாக. லூப் எண் 0-வில் தொடங்கினால், அதை 2-ஆல் பெருக்கி 1 கூட்டி, அந்த ஃபிரேமிலிருந்து ஒவ்வொரு இதழையும் ஓடவிடுங்கள். 1, 3, 5 என்று 23 வரை வரும். அலை எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் 23-இலிருந்து இறங்குங்கள்.