மசினகுடி மாடும் சாணி லோடும்: புலிகள் காப்பகத்தில் மேய்ச்சல் வேணுமா, வேண்டாமா?

சீகூர்க்காரன்:
நேத்து வேற ஒரு இழையில பாறு_நேசன் எழுதினதை அப்படியே போடறேன். "மசினகுடிப் பக்கம் மாடு வளர்ப்பது பாலுக்காக அல்ல, சாணிக்காக. அதைக் கேரளத் தோட்டங்களுக்கு லாரியில் அனுப்புகிறார்கள். இந்த வியாபாரத்துக்கு முதுமலை ஏன் புல் போட வேண்டும்?"

இதைப் படிச்சதுல இருந்து சோறு இறங்கல. எங்க தாத்தா காலத்துப் பட்டி எங்களுது. சாணி விக்கிறோம், ஆமா. மானாவாரிக் காட்டுல ராகி போட்டா யானை தின்னுட்டுப் போகுது. மிச்சம் இருக்கறது மாடு. மாடு போடறது சாணி. அதை வித்துத்தான் நான் படிச்சேன். பால் வித்தா விவசாயி, சாணி வித்தா காட்டுத் திருடனா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பாறு_நேசன்:
திருடன் என்று நான் எழுதவில்லை. நீங்களே எழுதிவிட்டு நீங்களே கோபப்படுகிறீர்கள். நான் சொன்னது எளிய கணக்கு. மாடு காட்டில் மேய்ந்து காட்டிலேயே சாணி போட்டால் சத்து மண்ணுக்குத் திரும்பும். பகலில் காட்டில் மேய்ந்து, ராத்திரி பட்டியில் போடும் சாணியைக் காயவைத்து லாரி ஏற்றினால் காட்டின் சத்து மலை இறங்குகிறது. வருடா வருடம். பந்திப்பூர் ஓரக் கிராமங்களில் இதை ஆய்வே செய்திருக்கிறார்கள். காபி விலை ஏறினால் சாணிக்கு விலை ஏறும், சாணிக்கு விலை ஏறினால் மாடு பெருகும். உலகச் சந்தையில் காபிக்கு என்ன விலை என்பது ஒரு புள்ளிமானின் தீனியை முடிவு செய்கிறது. இது உங்களுக்கு உறுத்தவில்லையா?

சட்டம்_1972:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 35(7) நேராகவே சொல்கிறது. சரணாலயத்துக்கு அப்படி ஒட்டுமொத்தத் தடை இல்லை. புலிகள் காப்பகத்தில் புலிகளுக்கென ஒதுக்கிய உள்வட்டம் (core) வேறு, அதைச் சுற்றியுள்ள வெளிவட்டம் (buffer) வேறு. முதுமலையில் உள்வட்டம் 321 சதுர கிலோமீட்டர், வெளிவட்டத்தையும் சேர்த்தால் 688. மசினகுடி வெளிவட்டத்தில் இருக்கிறது. மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான பகுதி என்றுதான் வெளிவட்டத்தைச் சட்டமே விளக்குகிறது.

சீகூர்க்காரன்:
சட்டம் இருக்கட்டும் சார். சாணி விக்கறது தப்பா, இல்லையா? அவர் அதைத்தான் சொன்னார்.

பாறு_நேசன்:
வெளிவட்டமாக இருந்தாலும் புல் புல்தான். யானைக்குக் கோடு தெரியாது.

தெப்பக்காடு_பழையவன்:
பேசாம இருக்கலாம்னு பாத்தேன், முடியல. வேட்டைத் தடுப்புக் காவலரா பல வருசம் நடந்தவன் நான். மார்ச் மாசம் பட்டி மாடு போற வழியில வந்து பாருங்க. மண்ணு மாவு மாதிரி கெளம்பும், செருப்புக்குள்ள பூந்துக்கும். அந்த வழிக்கு ரெண்டு பக்கமும் ஒரு புல் முளை இருக்காது. மாடு வாய் வைக்காத உண்ணிச்செடி மட்டும் பச்சையா நிக்கும். ஒரு தடவை கோமாரி வந்த காட்டெருமை ஒண்ணைப் பாத்தேன். வாயெல்லாம் நுரை. குளம்பு வெடிச்சு, தண்ணிக்கு இறங்க முடியாம கரையிலயே மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு. ஊரு மாட்டுல இருந்து வந்த நோவுதானே அது?

பாறு_நேசன்:
ஐயா சொன்னது முக்கியம். ஒரே ஒரு திருத்தம். அது காட்டெருமை அல்ல, காட்டுமாடு. எருமை இனமே வேறு. 1968இல் வெக்கை நோய் வந்து முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் காட்டுமாடு கூட்டம் கூட்டமாகச் செத்தது. வளர்ப்பு மாட்டுக்கு வந்துகொண்டிருந்த நோய்தான் அது.

தெப்பக்காடு_பழையவன்:
நாங்க காட்டுக்குள்ள இருந்தப்ப காட்டெருமைன்னுதான் சொன்னோம். அதுவும் திரும்பிப் பாத்துச்சு.

பாறு_நேசன்:
பழக்கத்தில் இருப்பதாலேயே ஒரு பெயர் சரியாகிவிடாது ஐயா. பிணந்தின்னிக் கழுகு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பாறு என்று மாற்றிச் சொல்ல வைக்க நாங்கள் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தோம்!

சீகூர்க்காரன்:
நல்லவேளை, பாறுன்னு நீங்களே ஆரம்பிச்சீங்க. உங்க பாறு எதைத் தின்னு உயிரோட இருக்கு? மாயாற்றங்கரை நீர்மருது மரத்துல கூடு கட்டிக்கிட்டு எங்க ஊர்ச் செத்த மாட்டைத்தான் தின்னுது. எங்க பட்டியில ஒரு கிழட்டு மாடு செத்தா இழுத்துட்டுப் போய் மேட்டுல போடுவோம். ஒரு மணி நேரத்துல வானத்துல வட்டம் போட்டுரும். மாடு வேண்டாம், பாறு மட்டும் வேணுமா? கேமராவுக்குப் பாறு வேணும், அதோட சோறு போடறவன் வேண்டாம். அதையும் சாணி விக்கறவன்தான் போடறான், ஞாபகம் இருக்கட்டும்.

பாறு_நேசன்:
அந்தச் செத்த மாட்டுக்கு என்ன ஊசி போட்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக் போட்ட மாட்டைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகும். கால்நடைக்கு அதைப் போடக் கூடாது என்று 2006லேயே தடை வந்தும், மனிதருக்கு விற்கும் பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். புலி அடித்த மாட்டில் விஷம் வைப்பது இன்னொன்று. புலிக்கு வைத்ததைப் பாறு தின்று சாகும். ஒரு மத்தியானம் புதருக்குள் தலை கவிழ்ந்து கிடந்த வெண்முதுகுப் பாறு ஒன்றைத் தூக்கியிருக்கிறேன். கழுத்து துணி மாதிரி தொங்கியது. பாறுவுக்குச் சோறு போடுகிறேன் என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

சீகூர்க்காரன்:
நான் விஷம் வச்சேன்னு சொல்றீங்களா? சொல்லுங்க, நேரா சொல்லுங்க. ஆள் அடிச்ச டி23 புலியைப் பிடிச்ச சமயத்துலயும் இப்படித்தான். 2021ல ஊரே கதவடைச்சு உக்காந்திருக்கு, நீங்க கோயம்புத்தூர்ல இருந்து "புலியைத் தொந்தரவு செய்யாதீர்கள்"னு எழுதினீங்க. அதை நான் மறக்கல.

பாறு_நேசன்:
நானும் மறக்கவில்லை. "சுட்டுத் தள்ளுங்கள்" என்று நீங்கள் எழுதினீர்கள். அக்டோபர் 15 அன்று உயிரோடுதான் பிடித்தார்கள்.

சீகூர்க்காரன்:
மாட்டுக்குப் போனவங்க செத்துக்கிட்டு இருந்தாங்க. மாட்டுக்கு. சாணிக்கு வளக்கறதா நீங்க சொல்ற அதே மாட்டுக்குப் பின்னாடி போனவங்க.

மேகமலை_தம்பி:
அண்ணே, உங்க சண்டை மசினகுடியோட நிக்குது. 2022 மார்ச்சுல உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு மொத்தத்துக்கும் மேய்ச்சலை நிறுத்துச்சே, அந்த வழக்கே எங்க தேனிப் பக்கத்து வழக்கு. அப்புறம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு சுருக்கினாங்க. எங்க மலைமாட்டுக்குக் கொட்டகை கிடையாது, தீவனம் வாங்கிப் போட்டும் பழக்கமில்ல. மலையில ஏறாத மலைமாட்டை அடிமாட்டுக்குத்தான் தள்ளணும். நாங்க யாரும் கேரளாவுக்குச் சாணி ஏத்தல. எங்களை ஏன் ஒரே தராசுல வைக்கிறீங்க?

பாறு_நேசன்:
உங்களைப் பற்றி நான் பேசவில்லை. சாணி ஏற்றுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பர்கூர்_பட்டி:
அதேதானுங்க எங்க கதையும். 2024 ஜனவரியில எங்க ஈரோடு மாவட்டத்துக் காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க, எண்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல. பர்கூர் மாடு காட்டுல பட்டி போட்டு வளர்ற மாடுங்க. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமைன்னு எழுதியே வச்சிருக்கு. அந்த உரிமைய மொதல்ல கொடுத்துட்டு அப்பறம் சரணாலயம் அறிவிக்க வேண்டியதுதானுங்களே?

சட்டம்_1972:
பர்கூர் நண்பர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் பொருந்தும். பிறகு ஏன் தடை என்பதுதான் இங்கே பேச வேண்டிய கேள்வி. தயவுசெய்து சாணியை விட்டுவிட்டு...

சீகூர்க்காரன்:
சாணியை எப்படி விடறது? அதைச் சொல்லித்தானே எங்களை வியாபாரின்னு முத்திரை குத்தியாச்சு!

உண்ணிச்செடி பத்தியும் சொல்றேன். வெள்ளைக்காரன் அழகுக்குன்னு கொண்டாந்த செடி அது. எங்க மாடு கொண்டாரல. அப்ப மாடு காட்டுக்குள்ள தடம் போட்டு நடந்துச்சு. கோடைக்கு முன்னாடி சருகுக்குச் சின்னத் தீ வைப்பாங்க. மாட்டையும் நிறுத்தி, தீயையும் நிறுத்தினாங்க. இன்னைக்கு உண்ணி ஆள் உசரத்துக்கு நிக்குது. பத்தாததுக்கு மஞ்சள் கொன்றை வேற. அதை வெட்டிக் காகித ஆலைக்கு லாரி லாரியா அனுப்பறாங்க. காட்டுல இருந்து அந்த லாரி போகலாம், எங்க சாணி லாரி போகக் கூடாதா?

பாறு_நேசன்:
அந்நியச் செடியை வெளியேற்றுவதும் மண்ணின் சத்தை வெளியேற்றுவதும் ஒன்றா? உண்ணியை மாடு தின்னாது, தின்றால் ஈரல் கெடும். போட்டியாக வளரும் புல்லைத் தின்றுவிட்டு உண்ணியை விட்டுவைப்பதே மாடுதான். பழையவர் ஐயா கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். மேலே போய்ப் படியுங்கள்.

சீகூர்க்காரன்:
அவர் சம்பளம் வாங்கி நடந்தவர். நான் சம்பளமில்லாம நடந்தவன்.

தெப்பக்காடு_பழையவன்:
தம்பி, அந்தச் சம்பளம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? தெரிஞ்சா இப்படிப் பேசமாட்ட. தற்காலிகமாவே இருந்து தற்காலிகமாவே வீட்டுக்கு வந்தேன்.

நீலகிரி_வாசி:
சீகூர்க்காரர் "உள்ளூர் உள்ளூர்" என்கிறார். சிங்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது 1932இல். அந்த வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்கள் மசினகுடிப் பக்கம் நிறைய. காட்டுக்கு உள்ளூர் என்றால் இருளரும் குறும்பரும்தான்.

சீகூர்க்காரன்:
தொண்ணூறு வருசம் ஒரு ஊருல இருந்தும் வந்தேறியா? நீங்க ஊட்டிக்கு எப்ப வந்தீங்க, அதை மொதல்ல எழுதுங்க.

நீலகிரி_வாசி:
என்னைப் பற்றிய இழை அல்ல இது.

சீகூர்க்காரன்:
என்னைப் பத்தின இழையா அப்ப? ரிசார்ட்காரனை ஒரு வார்த்தை கேட்டீங்களா யாராவது? யானை வழித்தடத்தை மறிச்சுக் கட்டினவன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனான். 2020 அக்டோபர்ல தீர்ப்பு வந்துச்சு, வழித்தடம் வழித்தடம்தான்னு. அதுக்கடுத்த ஜனவரியில எரியற டயரை யானை மேல வீசினாங்களே, அது பட்டிக்காரனா? அந்த யானை காதுல நெருப்போட ஓடினதை ஊரே பாத்துச்சு. எங்க பட்டியில இருந்து யானைக்கு ஒரு கல்லு போயிருக்குமா?

பாறு_நேசன்:
ரிசார்ட்டை நான் எப்போது ஆதரித்தேன்? வழித்தட வழக்குக்காக நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோதே கையெழுத்து வாங்கினவன் நான். ஒருவன் செய்த தப்பைக் காட்டி இன்னொன்றைச் சரி என்று சொல்லாதீர்கள். சாணிக்குத்தானே மாடு? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சீகூர்க்காரன்:
நாங்க தூங்கினோமா? ராத்திரி ரெண்டு மணிக்கு யானை வாழையை முறிக்கற சத்தத்துல தூங்கினவன் எவன்? ஒரே வார்த்தையில வாழ்க்கையைச் சொல்ல முடியாது சார்.

பொக்காபுரம்_பொண்ணு:
நான் இருளர் வீட்டுப் பொண்ணு. ரொம்ப நேரமா படிக்கிறேன். எங்கப்பா இருபது வருசம் அடுத்தவங்க பட்டி மாட்டை மேய்ச்சாங்க. காலையில ராகிக் களியைத் துணியில முடிஞ்சு எடுத்துட்டுப் போவாங்க. சாயங்காலம் மணிச் சத்தத்தை வச்சே எந்த மாடு முன்னாடி வருது, எது பின்தங்குதுன்னு சொல்லிடுவாங்க. சாணிக் காசு பட்டிக்காரருக்கு. அப்பாவுக்கு மாசக் கூலி. புலி அடிச்ச மாட்டுக்கு இழப்பீடு வந்தா அதுவும் மாட்டுக்காரருக்கு. ஒரு தடவை கரடி கீறி அப்பா கையில தையல் போட்டாங்க. அதுக்கு மனு கொடுத்த ஆபீஸ்ல மூணு தடவை அலைய விட்டுக் கடைசியில காகிதம் காணோம்னாங்க. பட்டிக்காரரும் கேக்கல, பாறு பாக்க வர்றவங்களும் கேக்கல. தேன், கடுக்காய் எடுக்க எங்களுக்கு உரிமைப் பட்டா வேணும்னு இந்த இழையில ஒருத்தர் எழுதலையே?

பாறு_நேசன்:
சகோதரி சொன்னதுதான் என் வாதமும். லாபம் பட்டிக்காரருக்கு, ஆபத்து மேய்ப்பவருக்கு. சாணி வியாபாரம் என்று இதைத்தான் சொன்னேன்.

பொக்காபுரம்_பொண்ணு:
உங்க வாதம் இல்லைங்க அது. எங்கப்பா கை.

சீகூர்க்காரன்:
தங்கச்சி, எல்லாப் பட்டியும் ஒண்ணு இல்ல. எங்க மாட்டை நாங்களே மேய்ச்சோம். உங்கப்பாவுக்கு நடந்தது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா மாட்டை நிறுத்தினா உங்கப்பாவுக்கு அந்தக் கூலியும் இல்ல. ரிசார்ட்ல தோட்டம் கூட்டற வேலைதான் மிச்சம். பாறு_நேசன் வேலை கொடுப்பாரான்னு கேளு.

பொக்காபுரம்_பொண்ணு:
நீங்க ரெண்டு பேரும் மாறி மாறி எங்களை எடுத்துக் காட்டாதீங்கண்ணா. உண்ணிக் குச்சியில யானைச் சிலை செஞ்சு லண்டன்ல கொண்டுபோய் வச்ச கை எங்க மக்களோடது. எங்களுக்கு என்ன வேலை வேணும்னு எங்களுக்குத் தெரியும்.

மேகமலை_தம்பி:
அக்கா கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை, கவனிச்சீங்களா?

சட்டம்_1972:
நான் கேட்டதற்கும்தான். உள்வட்டமா, வெளிவட்டமா?

நீலகிரி_வாசி:
பட்டிக்கு எத்தனை மாடு என்று ஒரு வரம்பு வைத்தால் என்ன? குடும்பத்துக்கு இவ்வளவு என்று.

சீகூர்க்காரன்:
வரம்பு மொதல்ல ஜீப்புக்கு வைங்க. மாயாறு ரோட்டுல ஒரு யானையைச் சுத்தி எத்தனை வண்டி நிக்குதுன்னு வந்து எண்ணுங்க.

பாறு_நேசன்:
மறுபடியும் பேச்சை மாற்றுகிறார். வரம்பு என்றதும் ஜீப். ரிசார்ட், ஜீப், டி23, எல்லாம் வந்துவிட்டது. லாரியில் போகிற சாணிக்கு மட்டும் பதில் வரவில்லை.

சீகூர்க்காரன்:
பதில் மொதல் பதிவுலயே இருக்கு. விக்கிறோம். விப்போம். அது தப்புன்னு நீங்க இன்னும் நிரூபிக்கல.

மணி ஏழாகுது. பட்டி அடைஞ்சாச்சு, ஒரு கிடாரி மட்டும் வரல. டார்ச் எடுத்துட்டு ஓடை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்து மிச்சத்தை எழுதறேன். இழையை யாரும் மூடிறாதீங்க.

தெப்பக்காடு_பழையவன்:
தனியாப் போகாத தம்பி. யாரையாவது கூட்டிட்டுப் போ.

பாறு_நேசன்:
மூடமாட்டேன். பார்த்துப் போய்விட்டு வாருங்கள். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.