முன்னாள் காங்கிரஸ் அமைச்சர் கக்கனைப் பேருந்தில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நானே தொடங்குகிறேன். 1965இல் நான் மதுரையில் கல்லூரி மாணவன். ஜனவரி 25 இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் நானும் போனேன். காங்கிரஸ் அலுவலகம் அருகே அடிதடி, வெட்டு. அடுத்த சில வாரங்களில் மாநிலத்தின் பல ஊர்களில் துப்பாக்கிச்சூடு. போலீஸ் துறை அப்போது கக்கன் கையில். அவரைத் திட்டாமல் நாங்கள் சோறு தின்றதில்லை. 1967இல் மேலூரில் அவர் தோற்ற அன்று விடுதியில் லட்டு வாங்கிக் கொடுத்தவன் நான், மறைப்பானேன்.

அப்புறம் வேலை கிடைத்து மேலூருக்கும் மதுரைக்கும் தினமும் பேருந்துதான். எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, நல்ல கூட்டம். முன்னால் நின்றிருந்த பெரியவர் முதுகில் என் பை இடித்துக்கொண்டே வந்தது. கதர்ச் சட்டை, தோளில் துண்டு. உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டென்று எழுந்து “ஐயா, உட்காருங்க” என்று பதறியபோதுதான் எனக்கு ஆள் யாரென்று உறைத்தது. அவர் பிகு பண்ணவில்லை, உட்கார்ந்துகொண்டார். பத்து வருடம் அமைச்சராக இருந்தவர்!

1965 பற்றி அவரிடம் கேட்க என்னிடம் ஆயிரம் இருந்தது. மதுரை வந்து சேரும்வரை வாய் வரவில்லை.

* * *

நானும் அதே வழித்தடத்தில் பார்த்திருக்கிறேன், ஐயா. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் படித்தேன், யானைமலை அடிவாரம். சீனியர் ஒருவர் ஜன்னலோரம் காட்டி “அவர்தான்” என்றார். நான் நம்பவில்லை. 1965இல் எங்கள் கல்லூரி தொடங்கியபோது அவர் அமைச்சர், அதற்குச் சற்று முன்பு வேளாண்மையே அவர் துறை. 1959இல் வைகை அணை திறந்தபோது பொதுப்பணித் துறையும் அவரிடம்தான். அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் டிக்கெட் எடுத்துக்கொண்டு போவார், வருவார்.

* * *

நான் அவரைப் பார்த்ததில்லை, என் தாத்தா பார்த்தார். பேருந்தில் இல்லை, மீனாட்சியம்மன் கோயிலில். 1939 ஜூலை 8 அன்று மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் விடாமல் வைத்திருந்த கக்கன் உள்ளிட்டவர்களை உள்ளே அழைத்துப்போனார் அல்லவா? அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் முதல் ஆள் அந்த வாசலைத் தாண்டினார். தும்பைப்பட்டியில் பிறந்த ஒருவர் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார், 1952இல் மக்களவைக்குப் போனார் என்று தாத்தா சொல்லும்போது குரலே மாறிவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எல்லோரும் பேருந்து, பேருந்து என்கிறீர்கள். அவர் ஏழையாக இருந்ததை மட்டும் பேசிப் பேசி, செய்ததைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

* * *

மதுரை அரசு மருத்துவமனை. அப்பாவுக்குத் துணையாக நான் இருந்த நாட்கள். அங்கே இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கக்கன் பொது வார்டில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அவர் அங்கேயும் போனார் என்று வராந்தாவெல்லாம் ஒரே பேச்சு. நான் போய் எட்டிப் பார்ப்பதற்குள் போலீஸ் நின்றுவிட்டது. அரசு உதவியெல்லாம் கிடைத்தது, சரி. 1981 டிசம்பரில் போய்விட்டார்.

* * *

முதலில் எழுதியவன்தான். தாத்தாவைப் பற்றி எழுதியவர் சொன்னது சுருக்கென்று பட்டது. ஆனால் 1965க்கான என் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

ஒன்று விட்டுவிட்டேன். இறங்கும்போது, பை இடித்ததற்கு மன்னிக்கணும் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் இறங்கினார்.