மலைப்பாதை வளைவில் ஸ்பீட் கன் காட்டும் வேகத்தை நம்பலாமா?

வேன்காரன்_ஹட்டன்:
போன கிழமை ஹயர் ஒன்று போய்த் திரும்பும்போது ஒரு டவுன் எல்லையில் என்னை நிறுத்தினார்கள். 50இல் போக வேண்டிய இடத்தில் 68 என்று சொல்லித் தண்டம் எழுதினார்கள். தபால் கந்தோரில் கட்டியும் விட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. நான் வந்தது வளைவில், அதுவும் ஏற்றத்தில். அதே நேரம் ஒரு பைக் என்னை முந்திக்கொண்டு போனது. நேர் வீதிக்குச் செய்த மெஷினை வளைவில் சரித்துப் பிடித்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? கூடத்தானே காட்டும்?

பௌதிகம்_பேராதனை:
அண்ணே, கூடக் காட்டாது, குறைத்துத்தான் காட்டும். ரேடார் கன் ஒரு நுண்ணலையை அனுப்புகிறது. உங்கள் வேனில் பட்டுத் திரும்பும் அலையின் மீடிறன் கொஞ்சம் மாறியிருக்கும். ஏ.எல். படித்தவர்களுக்கு டொப்ளர் விளைவு ஞாபகம் இருக்கும், அதேதான். 24 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் கருவிக்கு, 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஏறத்தாழ 2,700 ஹேர்ட்ஸ் வித்தியாசம் கொடுக்கும்.

இந்த வித்தியாசம் கருவியை நோக்கி நேராக வரும் வேகத்துக்கு மட்டும்தான். பக்கத்தில் நின்று சரிவாகப் பார்த்தால், வண்டி வரும் திசைக்கும் கருவி பார்க்கும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கோசைன் பெறுமானத்தால் பெருக்க வேண்டும். உண்மையில் 68இல் வரும் வண்டியை 20 பாகை சரிவில் அளந்தால் 64தான் காட்டும். 30 பாகை என்றால் 59. ஆக, வீதியோரம் நின்றவர் கையில் 68 விழுந்திருந்தால், அளந்தது உங்கள் வேனைத்தான் என்றால், நீங்கள் வந்தது 68 அல்லது அதற்கு மேல். ஏற்றம் பெரிய விஷயமே இல்லை. பத்துக்கு ஒன்று என்ற செங்குத்தில்கூட அரை வீதம்தான் மாறும்.

வேன்காரன்_ஹட்டன்:
"அளந்தது உங்கள் வேனைத்தான் என்றால்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தம்பி. என் கேள்வியும் அதுதான். பைக்கை அளந்துவிட்டு என்னை மறித்திருந்தால்?

பழைய_டிரபிக்:
நான் போக்குவரத்துப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வேன் தம்பியின் சந்தேகம் நியாயமானது. ரேடார் கதிர் டோர்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே போகும். 12 பாகை விரிவு என்று வைத்தால் 100 மீற்றரில் அதன் அகலம் 20 மீற்றர். நம்முடைய மலை வீதி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பொதுவாக வலுவான எதிரொலி தரும் வண்டியைத்தான் அது பிடிக்கும், அதாவது பெரியதை அல்லது கிட்ட வருவதை. அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வண்டி வேகமாக வருகிறது என்று முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகுதான் கருவியைப் பார்க்க வேண்டும். வேலை தொடங்கும் முன் இசைக்கவையைத் தட்டிக் காட்டி, குறித்த வேகம் வருகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

லேசர் கன் வேறு. 300 மீற்றரில் அதன் கதிர் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம்தான், நம்பர் பிளேட்டைக் குறிவைக்கலாம். அது துடிப்பு துடிப்பாக ஒளியை அனுப்பி, போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. 68இல் வரும் வேன் ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்கில் ஆறு மீற்றருக்கு மேல் நெருங்கிவிடும். தூரம் குறையும் வீதம்தான் வேகம். கை ஆடி, கதிர் வண்டியின் பக்கவாட்டில் வழுக்கினால் மட்டும் பிழை வரலாம். நீளமான பஸ்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

ரம்பொடை_வாசி:
எல்லாரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். 2025 மே 11 அன்று கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். 2023 ஜனவரியில் றதெல்லையில் ஏழு பேர். எங்கள் பிள்ளைகள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இந்த வீதி ஓரமாகத்தான் நடக்கிறார்கள். நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம். 40இல் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரத்தைப் போல் இரண்டேகால் மடங்கு, 60இல் வரும் வண்டிக்குத் தேவை. 68 என்றால்? வேன் அண்ணா, அது டவுன். உங்களை மறித்தது சரிதான் என்றே சொல்வேன்.

வேன்காரன்_ஹட்டன்:
தங்கச்சி, நீங்கள் சொன்ன இரண்டு இடமும் இறக்கம். இறக்கத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஸ்பீட் கன்னில் விழும் வேகம் இல்லை. ரம்பொடையில் வெளியூர் பஸ் இறங்கும்போது பாருங்கள். பெரிய கியரில் விட்டு, கால் முழு நேரமும் பிரேக்கில். நாலாவது ஐந்தாவது வளைவிலேயே லைனிங் கருகும் மணம் வரும். டிரம் சூடாகிவிட்டால் மிதித்தும் பிரேக் பிடிக்காது. அந்த நேரம் கன்னைப் பிடித்தால் 35 என்று காட்டும், சட்டப்படி குற்றமே இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று என் அப்பா சொல்லித் தந்ததை இவர்களுக்கு யார் சொல்வது? கன் வாங்கும் காசில் இறக்கம் தொடங்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பிரேக் பார்க்கட்டும்.

பௌதிகம்_பேராதனை:
இரண்டு இடத்தில் கெமரா வைத்துச் சராசரி வேகம் எடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். 3 கி.மீ. தூரத்தை 3 நிமிடத்தில் கடந்தால் 60. கன்னைக் கண்டதும் பிரேக் போட்டுத் தப்பும் வழி அதில் இல்லை.

பழைய_டிரபிக்:
அது அதிவேகப் பாதைக்குப் பொருந்தும். அங்கே 100தான் எல்லை, வழியில் திரும்ப இடமும் இல்லை. தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் வளைவுகளால் சராசரி எப்படியும் குறைந்துதான் வரும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் கொஞ்ச நேர்ப் பகுதியில் 70இல் அடித்தவன் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்வான். இங்கே கையால் பிடிக்கும் கன்தான் சரி, அதையும் அந்த நேர்ப் பகுதிகளில் பிடிக்க வேண்டும்.

ரம்பொடை_வாசி:
பிரேக்கும் பார்க்கட்டும், கன்னும் இருக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விடச் சொல்லாதீர்கள், அண்ணா. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பறக்கும் வேனில் பிரேக் நன்றாகத்தான் இருக்கும்.

வேன்காரன்_ஹட்டன்:
சரி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எனக்குத் திரையைக் காட்டவில்லையே. காட்டாமல் எழுதிய தண்டத்தை எப்படி ஏற்பது?

பழைய_டிரபிக்:
அடுத்த முறை மரியாதையாகக் கேளுங்கள். லேசர் கன் வேகத்தோடு தூரத்தையும் காட்டும். 180 மீற்றர் என்றிருந்தால், அந்த இடத்தில் அப்போது நின்றது உங்கள் வேனா பைக்கா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். அப்படியும் ஒத்துவராவிட்டால் தபால் கந்தோருக்குப் போகாதீர்கள். வழக்குக்குப் போய், கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அங்கே கேளுங்கள்.