வாரச் சம்பளக்காரர்கள் விடாமல் தர்மம் கொடுக்க என்ன வழி?

ஓவர்லாக்_திருப்பூர்:
பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறேன். பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி; சனிக்கிழமை சம்பளம். எங்கள் லைனில் பதினான்கு பேர். போன வருடம் என் வீட்டுக்காரர் அரசு மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்தபோது, வாசலில் தினமும் மதியச் சாப்பாடு கொடுத்தார்கள் நாலைந்து பேர். அந்த எலுமிச்சை சாதம் இல்லாவிட்டால் நான் டீயிலேயே ஓட்டியிருப்பேன். அவர்களுக்கு மாதாமாதம் ஏதாவது செய்ய வேண்டும் என்று லைனில் எல்லோருக்கும் ஆசை. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. சம்பளத்தில் பிடித்துக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டால், "பீஸ் ரேட்டில் எதைப் பிடிப்பது?" என்று சிரிக்கிறார்கள். முன்பு ஒரு டிரஸ்டுக்குப் போனில் ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். அதன்பிறகு நாள் தவறாமல் அழைத்து, நம்பரையே மாற்ற வைத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

வங்கிக்காரன்:
யுபிஐயில் 2020 முதல் ஆட்டோபே இருக்கிறது, ஒருமுறை அனுமதி கொடுத்தால் குறித்த நாளில் பணம் தானாகப் போய்விடும். வாரம் ஒருமுறை என்றும் வைக்கலாம். பணம் எடுப்பதற்கு முந்தைய நாளே தகவல் வந்துவிடும், வேண்டாமென்றால் செயலியிலேயே நிறுத்திவிடலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவரிடம் அந்த வசதி இருக்க வேண்டும். வாசலில் சோறு போடுகிற நாலு பேரிடம் அது இருக்குமா என்பது சந்தேகம்தான். வங்கியில் நேரடியாகப் பிடிக்கும் நாச் உங்களுக்கு வேண்டாம்: கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அபராதம் போடுவோம், நானே போட்டிருக்கிறேன். நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். புதிய வரிமுறையில் அது கிடையாது. வரியே கட்டாதவருக்கு அதில் என்ன லாபம்?

மளிகை_விருதுநகர்:
எங்கள் ஊர் க்ஷத்ரிய வித்யாசாலா 1889இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கியும், வியாபாரிகள் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் மகமைப் பணத்திலும் நடத்திய பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். என் அப்பத்தாவும் பிடி அரிசி எடுப்பார். உலையில் போடுவதற்கு முன்பே முறத்திலிருந்து ஒரு பிடி கலயத்துக்குப் போய்விடும். சமைத்து மிஞ்சியதை எடுத்ததே இல்லை. "மிஞ்சினால் கொடுக்கலாம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது" என்பார். நீங்களும் சம்பளக் கவரைப் பிரிக்கும் இடத்திலேயே பத்து ரூபாயை எடுத்து வைத்துவிடுங்கள். பஸ் ஏறிவிட்டால் அது போனதுதான்.

செக்கிங்_அக்கா:
தம்பி சொல்வது சரி. ஆனால் நாங்கள் இதையே செய்து, நான்கே மாதத்தில் சண்டையில் முடிந்தது. காரணம் நோட்டு. யார் எவ்வளவு என்று பெயர் போட்டு எழுதினோம். ஆர்டர் இல்லாத வாரத்தில் கொடுக்க முடியாதவர்கள் நோட்டைப் பார்க்கவே கூசி, டீக்குக்கூட எங்களோடு வருவதை விட்டார்கள். பெயர் எழுதாதீர்கள். மூடிய டப்பா வையுங்கள், வாரக் கூட்டுத்தொகையை மட்டும் எழுதுங்கள். எண்ணும்போது இருவர் இருக்கட்டும். இன்னொன்று, பணமாகக் கொடுக்காதீர்கள். என்ன தேவை என்று அவர்களையே கேளுங்கள். அனேகமாக அரிசிச் சிப்பம் என்றுதான் சொல்வார்கள்.

ஓவர்லாக்_திருப்பூர்:
நன்றி அக்கா. நூல்கண்டு வந்த பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, இந்தச் சனிக்கிழமை சூப்பர்வைசர் மேஜை ஓரம் வைத்தோம். எண்ணியதில் 170 ரூபாயும் ஒரு பித்தானும். இருபத்தைந்து கிலோ சிப்பத்துக்கு இன்னும் ஏழெட்டு வாரம் ஆகும். பித்தான் போட்டவர் யாரென்று நாங்கள் கேட்கவில்லை. சோறு போடுகிறவரிடம் பேசினேன். அரிசியை விட எண்ணெய்க்குத்தான் இப்போது முட்டுப்பாடாம்.