'லாகின் அலர்ட்'டுக்குத் தமிழில் ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

குன்னூர்:
குழுவினருக்கு வணக்கம். செல்பேசிப் பாதுகாப்புத் துண்டறிக்கையில், கணக்கில் சந்தேகமான நுழைவு பற்றிக் கூகுள் அனுப்பும் மின்னஞ்சலைக் குறிக்கும் 'சஸ்பிஷியஸ் லாகின் அலர்ட்' வரும் இடங்களில் 'ஐயநுழைவு எச்சரிக்கை' என்று போட்டிருக்கிறேன். சுருக்கமாக இருக்கிறது. ஆட்சேபம் உண்டா?

கூடலூர்:
உண்டு அண்ணா. வாய்விட்டுப் படித்தால் யாரோ ஐயா நுழைகிற மாதிரி கேட்கிறது. ஐயத்துக்குப் பிச்சை என்ற பொருளும் இருக்கிறது.

அது கிடக்கட்டும். அந்த மின்னஞ்சல் இரண்டு வேறு சேதிகளைக் கொண்டுவருகிறது. ஒன்று: யாரோ உங்கள் கடவுச்சொல்லைச் சரியாகவே போட்டார்கள், நாங்கள் தடுத்துவிட்டோம். மற்றது: உங்கள் கணக்கு ஒரு புதுக் கருவியில் திறந்துவிட்டது. முதலாவதற்குக் கடவுச்சொல்லை மாற்றினால் பெரும்பாலும் போதும். இரண்டாவதில் ஆள் உள்ளேயே இருக்கலாம். நீலகிரிக்கு ஏற வேண்டிய இ-பாஸ் இல்லாத வண்டியை மலையடிவாரக் கல்லாறு சாவடியில் திருப்பி அனுப்புவதும், அது பர்லியாறு தாண்டி மேலே ஏறிவிடுவதும் ஒன்றா? 'தடுத்த நுழைவு', 'புது நுழைவு' என்று பிரித்துவிடலாம்.

கோத்தகிரி:
பிரிப்பது சரி. ஆனால் தடுத்த பிறகு அது எப்படி நுழைவாகும்? 'தடுத்த முயற்சி' என்பதே பொருந்தும்.

'எச்சரிக்கை'யும் வேண்டாம் என்பேன். நம் மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே கனமழையும் மண்சரிவும்தான் நினைவுக்கு வரும். பதறினவர் உடனே இணைப்பைத் தட்டுவார். போலி அஞ்சல் எழுதுகிறவனுக்கு வேண்டியதும் அந்தப் பதற்றம்தான். 'புது நுழைவு அறிவிப்பு' என்றே இருக்கட்டும். அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல் செல்பேசி அமைப்புகளில் கூகுள், அதில் கணக்கு, பிறகு 'பாதுகாப்பு' என்று தாமே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடந்த 28 நாட்களின் பாதுகாப்பு நிகழ்வுகள் அங்கே இருக்கும். அறிவிப்பு மெய்யென்றால் அங்கேயும் பதிவாகியிருக்கும்.

இன்னொன்று, அறிவிப்பில் காட்டும் ஊர்ப் பெயரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அது ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை, வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. ஊட்டியில் இருந்தபடி மொபைல் டேட்டாவில் நுழைந்தாலும், செல்பேசி நிறுவனம் இணையத்தோடு இணையும் வலைவாசல் (கேட்வே) இருக்கிற சென்னையோ பெங்களூரோ காட்டலாம். கருவியின் பெயரும் நேரமும்தான் முதல் சாட்சி.

கூடலூர்:
'தடுத்த முயற்சி'க்கு ஒப்புதல். புது நுழைவு நம்முடையது இல்லையென்றால் செய்ய வேண்டியதையும் சேருங்கள். 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கருவியை வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் நம்முடையவைதானா என்று பார்க்க வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வந்தவன் ஜிமெயிலில் தானியங்கி முன்னனுப்புதலோ (ஃபார்வர்டிங்) ஒரு வடிகட்டியோ (ஃபில்டர்) வைத்துவிட்டுப் போயிருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வங்கி அஞ்சல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். முன்னனுப்புதல் அமைப்பு செல்பேசிச் செயலியில் தெரியாது. கணினி உலாவியில் திறந்துதான் பார்க்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

குன்னூர்:
சரி, ஐயநுழைவை அடித்துவிட்டேன். 'தடுத்த முயற்சி அறிவிப்பு', 'புது நுழைவு அறிவிப்பு' இரண்டும் ஏறிவிட்டன. அடுத்தது 'பேக்கப் கோட்'. கூகுள் தரும் 10 எண்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். சிக்னல் இல்லாத எஸ்டேட் பக்கம் எஸ்எம்எஸ் ஓடிபி வராதபோது வைஃபை இருந்தால் இவைதான் கைகொடுக்கும். செல்பேசியிலேயே எண் உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியும் (ஆதென்டிகேட்டர்) உதவும், அதற்குச் சிக்னலே வேண்டாம். செல்பேசிக் கடிகாரம் மட்டும் சரியாக ஓட வேண்டும், பிசகினால் எண் பொருந்தாது. 'காப்புக் குறியீடு' என்று எழுதியிருக்கிறேன்.

கோத்தகிரி:
'காப்பு' என்றால் கை வளையல் என்பார்கள். ஒரு முறை செலவழித்தால் தீர்ந்துபோகிறதே, 'இருப்பு எண்' எப்படி?