துணி புகைந்தது, கண்ணாடி வெளுத்தது: சூப்பர் க்ளூ பற்றி உதவி வேண்டும்

புதுக்கை:
வணக்கம். 1/72 அளவில் பிளாஸ்டிக் விமானம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு விமானி அறையின் கண்ணாடி மூடியைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். பசை வழிந்துவிட்டது. கைக்குக் கிடைத்த பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்தேன். சில நொடிகளில் துணி சுட்டது, லேசாகப் புகையும் வந்தது. விரல் நுனியில் சின்னக் கொப்புளம். காலையில் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் மாவு பூசினாற்போல் வெள்ளை. வேலை செய்யும்போதே கண்ணும் எரிந்தது. பத்து வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், அதனால்தான் பயமாக இருக்கிறது. அது விஷப் புகையா? கண்ணாடியைக் காப்பாற்ற வழி உண்டா?

ஊசிமுனை:
முதலில் விரலைப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமாக மூடி வையுங்கள். இனி இப்படிச் சுட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன, அப்போது வெப்பம் வெளியாகிறது. ஒரு துளியில் அது தெரியாது. பருத்தித் துணியில் பசை நூல் நூலாகப் பரவி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறுகுவதால் சூடு குவிந்துவிடும். கம்பளியும் அப்படித்தான், பஞ்சும் டிஷ்யூ தாளும்கூட. அதனால் வழிந்தால் துடைக்காதீர்கள். அப்படியே இறுகட்டும், அப்புறம் கத்தி முனையால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

சூப்பர் க்ளூவின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். பெயரில் சயனோ என்று இருப்பதால் பலர் சயனைடு என்று பயப்படுகிறார்கள். சாதாரணமாக ஒட்டும்போது சயனைடு வருவதில்லை. ஆனால் ஆவி கண்ணையும் மூக்கையும் நன்றாக எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறி ஆவியை உங்கள் முகத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகட்டும். பசையின் மேல் குனிந்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். மகள் ஆவி போகும் திசைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காரட்டும்.

இன்னொன்று, குப்பியிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். தையல் ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் குட்டிக் கவை மாதிரி ஆகும். அதை ஒரு குச்சியில் செருகி, பிளாஸ்டிக் மூடியில் விட்ட துளியில் தொட்டு இணைப்பில் வைத்தால், வேண்டிய அளவு மட்டும் உள்ளே ஓடும். என் மேசையில் இப்போது வழிவதே இல்லை.

புதுக்கை:
மிக்க நன்றி. விரல்கள் ஒட்டிக்கொண்டால்? கண்ணில் தெறித்தால்?

ஊசிமுனை:
விரலைப் பிய்த்து இழுக்கவே கூடாது, தோல் உரிந்து வந்துவிடும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பிடிவாதமாக இருந்தால் அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் உதவும், ஆனால் அதை விமானத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

கண்ணில் அசிட்டோன் கூடவே கூடாது. வெதுவெதுப்பான நீரால் 15 நிமிடம் கழுவி, இமை ஒட்டியிருந்தால் திறக்க முயலாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தெளிகண்ணாடி:
வெள்ளைக்கு வருகிறேன். அது பசையின் ஆவி, மூடிய விமானி அறைக்குள் வெளியேற வழியில்லாமல் கண்ணாடி மேல் படிந்து இறுகியது. உள்பக்கம் என்பதால் மூடியைக் கழற்றாமல் தேய்க்க முடியாது. மாடலை உறையில் போட்டு ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். குளிரில் இந்தப் பசை நொறுங்கும் தன்மை பெறும், மெல்லிய கத்தியை இணைப்பில் நுழைத்து நெம்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். அவசரப்பட்டு ஒருமுறை நான் விளிம்பை உடைத்திருக்கிறேன், அதனால் பொறுமை முக்கியம். பிறகு மென்மையான துணியில் துளி பற்பசை எடுத்து வட்டமாகத் தேய்த்தால் வெண்மை போய்விடும்.

மறுபடி ஒட்டும்போது சூப்பர் க்ளூவே வேண்டாம். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும். அது காய்ந்ததும் தெளிவாகிவிடும், ஆவியும் படியாது.

புதுக்கை:
இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், மூடி முழுசாகக் கையில் வந்துவிட்டது! தேய்த்ததில் விமானியின் முகம் தெரிகிறது, ஓரத்தில் மட்டும் லேசான மங்கல். வெள்ளைப் பசையால் ஒட்டி, டேப் போட்டு வைத்திருக்கிறேன். காலையில்தான் பிரிப்பேன்.