இனம் மனிதர் கட்டியது என்றால் பாகுபாடு மட்டும் எப்படி நிஜமாகிறது?

முதலாண்டு மாணவி:
சமூகவியல் படிக்கிறேன். 'இனம் ஒரு சமூகக் கட்டமைப்பு' என்று தேர்வில் எழுதிவிடுவேன். ஆனால் மனதில் இறங்கவில்லை. தோல் நிறம் கண்ணுக்குத் தெரிகிறதே? சில நோய்கள் சிலருக்குத்தானே அதிகம் வருகின்றன? அப்புறம், இனத்துக்கும் இனக்குழுவுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய வாத்தியார்:
இருபது வருடம் இந்தப் பாடம் நடத்தினேன். வரையறையில் தொடங்கினால் யாருக்கும் பிடிபடாது. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் குடியுரிமை கேட்க முடியும். டகாவோ ஒசாவா என்ற ஜப்பானியர், தன் தோலும் வெள்ளைதான் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது: நிறம் அளவுகோல் அல்ல, வெள்ளையர் என்றால் காக்கேசியர், அதாவது ஐரோப்பியரைச் சேர்த்து அன்றைய மானுடவியல் வகுத்த இனப் பிரிவு. மூன்றே மாதத்தில் பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபி, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய மானுடவியல் நூல்கள் பல வட இந்தியரைக் காக்கேசியர் என்றே வகைப்படுத்தின. அதை வைத்துத்தான் அவர் வாதாடினார். இம்முறை நீதிமன்றம் நூல்களை ஒதுக்கிவிட்டு, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்றது. இரண்டையும் எழுதியது ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட்.

அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலர் அதை இழந்தார்கள். கோடு போட்டது மனிதர்கள். அந்தக் கோட்டால் போன குடியுரிமை நிஜம். உன் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது, அம்மா.

லேப் ஊழியர்:
நோய் பற்றி நான் சொல்கிறேன். அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயைக் 'கறுப்பர் நோய்' என்பார்கள். உண்மையில் நிறத்தால் அல்ல, மலேரியாவைத் தாங்க உதவியதால் அது இருந்த இடங்களில்தான் அந்த மரபணு நிலைத்தது; கிரேக்கத்திலும் அரேபியாவிலும் இந்தியப் பழங்குடிகளிடமும் உண்டு.

என்னை உறுத்துவது வேறு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்க, முன்பெல்லாம் ஒரே ரத்தத்துக்கு இரண்டு எண்கள் அச்சிடுவோம்: கறுப்பர் என்றால் ஒன்று, மற்றவர் என்றால் ஒன்று. கறுப்பருக்கான எண் சுமார் 16 சதவீதம் கூடுதல். அதனால் கெட்டுப்போன சிறுநீரகமும் பரவாயில்லை என்று தோன்றும். மாற்றுச் சிறுநீரக வரிசையில் பெயர் ஏறுவது தள்ளிப்போகும். இனம் கேட்காத சூத்திரம் 2021-ல்தான் வந்தது. அத்தனை வருடமும் அந்த அறிக்கைகளை நானும் அனுப்பினேன். மனம் ஆறவில்லை.

முதலாண்டு மாணவி:
இரண்டு எண் விஷயம் நிஜமாகவே அதிர்ச்சி. சரி, இனக்குழு?

பழைய வாத்தியார்:
ஒரே மூதாதையர் வழி வந்தோம் என்ற நம்பிக்கைதான் இனக்குழு என்பார் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். ரத்த உறவு உண்மையில் இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. பொதுவாக, இனக்குழு அடையாளத்தை உள்ளிருப்பவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். இனத்தை வெளியிலிருந்து ஒட்டுகிறார்கள். ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறும். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி என்ற இரு பிரிவினருக்கும் ஒரே மொழி. மாடு கன்று பெருகி ஹூட்டு ஒருவர் டுட்சியாக ஆன காலமும் உண்டு. 1930களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவரின் பிரிவையும் அடையாள அட்டையில் எழுதியது. அப்பாவின் பிரிவே பிள்ளைக்கும். 1994 இனப்படுகொலையில் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் டுட்சிகளைக் கொன்றார்கள்.

முதலாண்டு மாணவி:
திந்த் என்ன ஆனார் ஐயா?

பழைய வாத்தியார்:
போர் வீரர்களுக்கென்று 1935-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1936-ல் குடியுரிமை வாங்கினார்.